பெட்டிக்குப் பொட்டு வைக்கச் சொன்னவன் நான்

நம் கணினி வணிகர் சங்கத்து மலருக்கு அனுபவக் குறிப்பு ஒன்று, இரண்டு பக்கத்துக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்தில் அடங்குகிற ஆள் நான் இல்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு சுடலைமுத்து யார் என்று தெரியாது. அதனால் நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். நெல்லை ஜங்ஷனில் ஒரு ரேடியோ கடையில் ஈயம் பற்றவைக்கப் பழகினேன். இருபது வயதில் சொந்தமாக ஸ்டெபிலைசர் கட்டினேன். அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணி ஆற்றின் இரண்டு கரையிலும் ஃபிரிட்ஜ் வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் நான் கையால் சுற்றின காயில் போயிருக்கிறது. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாமல், புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்தே மதர்போர்டு மாட்டக் கற்றுக்கொண்டேன். என் பெண்டாட்டி கோமதி பேரில் ‘கோமு பி.சி.’ என்று சொந்த பிராண்ட் போட்டேன். ஏழு பேருக்கு வேலை கொடுத்தேன், அதில் இரண்டு பேர் பட்டம் வாங்கினவர்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதங்களில் மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடி வோல்டேஜ் இறங்கிப்போகும். அப்போதும் நின்றுபோகாத கம்ப்யூட்டர் என்னுடையது ஒன்றுதான். கேபினட்டுக்குள்ளேயே சின்ன ஸ்டெபிலைசர் ஒன்றை வைத்துக் கொடுத்தேன். அது எந்தக் கம்பெனிக்காரன் மூளையிலும் உதிக்கவில்லை.

பெரிய கம்பெனி ஒன்று மூன்று வருஷம் இந்தப் பக்கம் சரக்கு விற்க முடியாமல் திணறியது. அதற்கு நான்தான் காரணம். அதே கம்பெனி அப்புறம் எங்கள் எல்லோரையும் துடைத்துவிட்டு நிமிர்ந்து நின்றது. அதற்கும் நான்தான் காரணம். இந்த இரண்டாவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் பெண்டாட்டிக்கு மட்டும் தெரியும்.

கம்பெனியின் பேரை அச்சில் போட வேண்டாம் என்று மலர்க்குழு சொல்லிவிட்டது. சரி. படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

1. சார்வாள் வீட்டில் நடந்தது

கல்லிடைக்குறிச்சியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற சார்வாள் ஒருவர், மகள் இன்ஜினியரிங் சேர்ந்ததும் ஒரு கோமு பி.சி.க்கு ஆர்டர் கொடுத்தார். அசெம்பிள் பண்ணி, அட்டைப்பெட்டியில் கட்டி, வேனில் கொண்டுபோய் அவர் வீட்டுக் கூடத்தில் இறக்கினேன். இறக்கி முடித்த பிறகு, பெரிய கம்பெனியின் வழுவழுப்பான நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

“தப்பா நெனைக்காதீரும் சுடலைமுத்து. இதுல மூணு வருஷம் வாரண்டி போட்டிருக்கான். உம்ம பெட்டியில பேரே வீட்டுப் பொம்பளை பேரால்லா இருக்கு.”

“சார்வாள், அந்த வாரண்டிக்கு மதுரைக்குல்லா தூக்கிட்டுப் போவணும். நான்னா கூப்பிட்ட ஒடனே பஸ் ஏறி வந்திருவேன்.”

“அதெல்லாம் யோசிச்சுத்தாம்வே சொல்லுதேன். எடுத்துட்டுப் போயிரும்.”

வேன்காரன் வேறு லோடுக்குப் போய்விட்டான். கரண்டும் இல்லை. நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அன்று வியாழக்கிழமை.

மறுநாள் போனேன். பெட்டியைப் பிரித்து மானிட்டரையும் கேபினட்டையும் பலகை மேல் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். முன்னால் குத்துவிளக்கு எரிகிறது. சார்வாள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிறார். பேசினது அவர் வீட்டம்மா.

“வெள்ளிக்கிழமை, வீட்டுக்குள்ள வந்த சாமான். பொட்டு வைக்காம எப்படி விட? வச்சிட்டேன். இனி அது வெளிய போவக் கூடாது.”

“நான் வேண்டாம்னு சொல்லியாச்சு” என்றார் சார்வாள்.

“வேண்டாம்னா நேத்து வாசல்ல வச்சே சொல்லியிருக்கணும். அடுத்த வீட்டு மதினி பாத்தாச்சு, எதுத்த வீட்டுக்காரி பாத்தாச்சு. இன்னைக்கு எடுத்துட்டுப் போனா என்ன பேசுவாவ? பிள்ளைக்கு மொத மொத வந்த சாமான் இது.”

சார்வாள் என்னைப் பார்த்தார். “சரி, மாட்டும்வே” என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. விலையைக் குறைக்கவில்லை. நோட்டீஸில் போட்டிருந்த மூன்று வருஷ வாரண்டியை ஒரு சிட்டிகை குங்குமம் தோற்கடித்துவிட்டது.

2. பத்து நாள் வீட்டில் இருக்கட்டும்

அதற்கப்புறம் நான் கம்ப்யூட்டர் விற்கவில்லை, வைத்துவிட்டு வந்தேன். இளைய தலைமுறை இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

வியாழக்கிழமை இறக்க வேண்டும். அட்வான்ஸ் கேட்கக் கூடாது. சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம் கட்டின பொட்டலத்தைப் பெட்டி மேல் வைத்து, “பத்து நாள் வீட்ல இருக்கட்டும். பிடிக்கலைன்னா எடுத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். முக்கியமான விஷயம், முதல் நாள் ஸ்விட்சைப் போடவே கூடாது. போட்டால் ஆம்பளைகள் சுற்றி உட்கார்ந்து எத்தனை ரேம், எத்தனை ஜிபி என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஓடாத பெட்டி பொம்பளைகள் பொறுப்பில் இருக்கும். வெள்ளிக்கிழமை விடிந்தால் பொட்டு விழுந்துவிடும்.

மேலப்பாளையத்தில் பொட்டு கிடையாது. அங்கே வீட்டுப் பெரியவர் பிஸ்மி சொல்லி அவர் கையால் முதல் ஸ்விட்சைப் போட வேண்டும். வாப்பா கையால் போட்டதை மகன் திருப்பி அனுப்ப மாட்டான். பாளையங்கோட்டையில் வேதக்கார வீடுகளில் ஒரு சின்ன ஜெபம். எந்த வீட்டுக்கு எது என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்த பெட்டிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

என் பெண்டாட்டி கேலி பண்ணுவாள். “ஊர்ல உள்ள பொம்பளையெல்லாம் கோமுவுக்குப் பொட்டு வைக்காவ. கட்டுனவரு எனக்கு ஒரு மொழம் பூ வாங்கித் தர நேரமில்ல.”

அப்போது இந்தப் பகுதியில் அசெம்பிள் பண்ணி சொந்தப் பேரில் விற்கிறவர்கள் ஐந்து பேர் இருந்தோம். என்னை விட்டால் அடுத்தவர் பாளை அருணாசலம். டிப்ளமோ படித்தவர். என்னைப் பார்த்து ஒரு வருஷத்துக்குள் அவரும் வியாழக்கிழமை பெட்டி இறக்க ஆரம்பித்தார். மற்ற மூன்று பேரும் அவர் பின்னால் வந்தார்கள். அவர் விலையில் கொஞ்சம் குறைத்தால் நான் ஸ்பீக்கர் சேர்த்துக் கொடுப்பேன். நான் வீரவநல்லூரில் இறக்கினால் அவர் முக்கூடலில் இறக்குவார். சங்கக் கூட்டத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார மாட்டோம். எனக்குப் போட்டி என்றால் அருணாசலம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய கம்பெனியை நான் போட்டியாகவே எண்ணவில்லை. வந்து பார்த்துவிட்டுப் போகிற வெளியூர்க்காரன் மாதிரிதான் எண்ணினேன்.

3. எழுதிக்கொண்டவர்

அந்தக் கம்பெனியின் ஏரியா மேனேஜராக பாஸ்கர் என்று ஒருவர் வந்தார். சென்னைக்காரர். விலையைக் குறைத்துப் பார்த்தார், பிரிண்டர் இலவசம் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒன்றும் நகரவில்லை. ஒரு நாள் மத்தியானம் என் கடைக்கு வந்தார். டையைத் தளர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, “முதலாளி, ஒரு டீ சொல்லுங்க” என்றார்.

முதலாளி என்று என்னை அதுவரை கூப்பிட்டவர்கள் எல்லோரும் என்னிடம் சம்பளம் வாங்கினவர்கள்.

“பாளையில அருணாசலம்தான் இங்க நம்பர் ஒன்னுன்னு சொல்றாங்களே முதலாளி?”

“எவன் சொன்னான்?”

“மார்க்கெட்ல பேச்சு. ஏதோ புது மாதிரி டெலிவரி பண்றாராமே.”

இந்த இடத்தில் நான் எழுந்து கல்லாவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. “அவரு பண்ணுதது எல்லாம் என்னைப் பாத்துதாம்யா. அவருக்குப் பொட்டலம் கட்டத் தெரியும். எதுக்குக் கட்டுதோம்னு தெரியுமா?” என்று ஆரம்பித்தேன்.

வியாழக்கிழமையைச் சொன்னேன். எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன். சார்வாள் வீட்டுக் கதையை, அந்த அம்மா பேசின மாதிரியே பேசிக் காட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

“ஒரு நிமிஷம் முதலாளி. ‘முதல் நாள் ஆன் பண்ணக் கூடாது.’ பிரமாதம். அது ஏன்னு இன்னொரு தடவை சொல்லுங்க.”

இன்னொரு தடவை சொன்னேன். அவர் எழுத எழுத, பைய, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இதை உள்ளபடி எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்ல நான் எழுதியிருக்கிறேன், அதுவும் தப்புத் தப்பாக. நான் சொல்லி, எம்.பி.ஏ. படித்த ஒரு மனிதர் தலை குனிந்து எழுதியது அதுதான் முதல் தடவை. மேலப்பாளையம் பிஸ்மி வரைக்கும் எழுதிக்கொண்டு, எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்க படிச்சிருந்தா எங்க கம்பெனிக்கே எம்.டி. ஆயிருப்பீங்க” என்றார். நான் வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

கோமதி அன்றைக்குக் கடையில்தான் இருந்தாள். அவர் போன பிறகு கேட்டாள். “அவரு இவ்ளோ எழுதினாரே, வச்சு என்ன செய்யப் போறாருன்னு ஒரு வார்த்தை கேட்டியளா?”

“அவன் என்னத்தச் செய்யுதான்? அவனுக்கு எந்த வீட்ல எந்த அம்மான்னு தெரியுமா?” என்றேன்.

4. சேரன்மாதேவி

இரண்டு மாதம் கழித்து, சேரன்மாதேவியில் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மா வீட்டில் வியாழக்கிழமை காலையில் பெட்டி இறக்கினேன். பொட்டலத்தை மேலே வைத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை மாட்டுவதற்காகப் போனால், கூடத்தில் பலகை மேல் பெரிய கம்பெனியின் மானிட்டர் இருக்கிறது. அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை. என் பெட்டி பிரிக்காமல் ஓரத்தில் கிடக்கிறது. மேலே என் பொட்டலம், அதில் வாடின எலுமிச்சம்பழம்.

அந்த அம்மாவுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நான் வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கலாம்னுதான் இருந்தேன். வியாழக்கிழமை சாயந்திரமே அவுக நாலு பேரு வந்துட்டாவ. இப்பவே நல்ல நேரம்தாம்மா, நாங்க இருக்கையிலேயே வச்சிருங்கன்னாவ. கம்பெனி பேரு போட்ட பொட்டலம் அவுகளே கொண்டாந்திருந்தாவ. போட்டோ வேற எடுத்தாவ.”

“பத்து நாள்ல வேண்டாம்னா எடுத்துக்கிடுவாவல்லா. எடுக்கச் சொல்லும்மா. என் மெஷினு வோல்டேஜ் எறங்கினாலும் நிக்காது.”

“அது எப்படி அண்ணாச்சி? பொட்டு வச்சதை அனுப்பலாமா? உங்க பெட்டிக்குத்தான் இன்னும் வைக்கலையே.”

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அந்தக் குரல் காதில் கிடக்கிறது. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என் வியாபாரம் முழுவதும் அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நின்றது. பெட்டியை நானே தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அதற்கு முன்னால் ஒரு பெட்டியைக்கூட நான் தோளில் வைத்துத் திரும்பக் கொண்டு வந்ததில்லை, எப்போதும் வேன்தான்.

நடவு சமயத்தில் அந்த அம்மா போன் பண்ணினாள். கம்பெனி மெஷின் சாயந்திரமானால் அணைந்து அணைந்து எரிகிறதாம். போய் ஒரு ஸ்டெபிலைசர் மாட்டிக் கொடுத்தேன். மாட்டினபிறகு நன்றாக ஓடியது. என் கையாலேயே அவன் சரக்கை ஓடவைத்துவிட்டு வந்தேன்.

என்னால் ஒரு வாரத்துக்கு ஐந்து பெட்டி வீடுகளில் சும்மா வைக்க முடியும். அதற்கு மேல் என்றால் மதர்போர்டு வாங்கக் கையில் பணம் இருக்காது. கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக லாரியில் இறக்கினார்கள். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், முக்கூடல், ஆழ்வார்திருநகரி என்று ஒரு தெரு விடவில்லை. மேலப்பாளையத்தில் பொட்டலம் கொடுக்கவில்லை, பெரியவர் கையால் ஸ்விட்ச் போடவைத்தார்கள். அந்த நோட்டுப் புத்தகத்தில் நான் சொன்ன வரிசை மாறாமல் நடக்கிறது.

அந்த சரஸ்வதி பூஜைக்குக் கோமு பி.சி. இரண்டு விற்றது. அடுத்த வருஷம் அந்தப் பேரில் ஒன்றும் செய்யவில்லை. ஐந்து பேரில் நான் ஒருவன்தான் இன்றுவரை ஷட்டரைத் திறக்கிறேன். அதிலும் பாதியை செல்போன் கவர் விற்கிறவருக்கு விட்டுவிட்டு, மிச்சத்தில் கார்ட்ரிட்ஜ் நிரப்பிக் கொடுக்கிறேன். வரிசையில் நிற்கிற காலேஜ் பிள்ளைகள் வைத்திருக்கிற லேப்டாப்பெல்லாம் ஆன்லைனில் வந்தது. யாரும் அதற்குப் பொட்டு வைத்தார்களா என்று நான் கேட்பதில்லை.

5. அருணாசலம் வந்தார்

அவர் கடையை மூடுவதற்கு முந்தின மாதம் என் கடைக்கு வந்தார். அதுவரை என் படி ஏறாதவர். ஸ்டூலில் உட்கார்ந்தார், அதே ஸ்டூல்.

“அண்ணாச்சி, நம்ம ரெண்டு பேருக்கும் ஆயிரம் இருக்கட்டும். ஒண்ணு கேக்கேன். இந்தப் பொட்டு விஷயம் மெட்ராஸ்காரனுக்குத் தானா தெரியாது. பிஸ்மி வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கான். நம்ம அஞ்சு கடையில எவனோ உக்காந்து பாடம் எடுத்திருக்கான். யாருவே அது?”

நான் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு என்னமோ தாஸ் மேலதான் சந்தேகம்” என்றார். தாஸ் அவர் கடையில் டெலிவரிக்குப் போய்வந்த மெக்கானிக். வீடு வீடாகப் போனவன், எல்லா வீடும் தெரிந்தவன். “ரெண்டு மட்டம் அந்த மேனேஜர் கார்ல அவன் ஏறினத பாத்ததா சொல்லுதாவ. அவன்தான் இருக்கும், என்ன சொல்லுதிய?”

“இருக்கும்” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். அருணாசலம் தாஸை அந்த வாரமே நிறுத்திவிட்டார். பொட்டு விஷயத்தைக் கம்பெனிக்கு விற்றவன் என்று பேர் பரவியதால் வேறு எந்தக் கடையிலும் தாஸை எடுக்கவில்லை. என்னிடமும் வந்து கேட்டான். “ஆள் தேவைப்படலையேப்பா” என்று அனுப்பினேன். குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். மேனேஜர் காரில் அவன் ஏன் ஏறினான் என்று எனக்குத் தெரியாது. பாதி வழிக்கு லிஃப்ட் கேட்டிருப்பான்.

நான் பெருமை பேசுகிற ஆள். ஸ்டெபிலைசரைப் பற்றிப் பேசுவேன், கோமு பி.சி.யைப் பற்றிப் பேசுவேன். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்ததிலேயே பெரியது இந்தப் பத்து நாள் முறைதான், அதைப் பற்றி மட்டும் அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. திறந்தால், கேட்கிறவன் அடுத்த கேள்வியாக எதைக் கேட்பான் என்று தெரியும்.

6. போன வருஷ மலர்

போன வருஷம் இதே மலரில் பாஸ்கர் சார் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், படத்தில் தலை முழுவதும் நரைத்திருக்கிறது. என் பேத்தி வாசித்துச் சொன்னாள். நெல்லைப் பக்கத்தில் வீடு வீடாகச் சுற்றி, மக்களின் மனதைக் கூர்ந்து கவனித்து, தாமே இந்த விற்பனை முறையை உருவாக்கினாராம். அதற்குக் கம்பெனி ‘தாமிரபரணி மாடல்’ என்று பேர் வைத்து, நாலு மாநிலத்தில் செய்துபார்த்து ஜெயித்ததாம். அவருக்கு விருதும் கொடுத்திருக்கிறார்கள். புது டீலர்களுக்கு இன்றும் அதைப் பாடமாக நடத்துகிறார்களாம். ஆற்றின் பேர் இருக்கிறது. என் பேர் இல்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார் என்றுகூட இல்லை.

“முதல் நாள் ஆன் பண்ணக் கூடாது” என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் சொன்ன மாதிரியே இருந்தது.

இதிலிருந்து இளையவர்களுக்கு என்ன பாடம் என்று மலர்க்குழு கேட்டிருக்கிறது. சொல்கிறேன். உன்னோடு ஒரே தெருவில் மல்லுக்கு நிற்கிறவன் உன் எதிரி இல்லை. அவனுக்கு மேலே ஒரு படி நிற்க வேண்டும் என்ற ஆசையில், பெரியவன் எவனிடமாவது போய் உன்னை நிரூபிக்காதே. அருணாசலமும் நானும் ஒரே ஸ்டூலில் மாறி மாறி உட்கார்ந்து பேசியிருந்தால், ஐந்து கடையும் சேர்ந்து வாரத்துக்கு இருபத்தைந்து பெட்டி வைத்திருக்கலாம். அதை எனக்குச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

மலர்க்குழுவிடம் நான் கேட்பது இதுதான். பத்து நாள் முறையைக் கண்டுபிடித்தவன், கல்லிடைக்குறிச்சியில் முதலில் கண்டவன், வியாழக்கிழமை என்று வைத்தவன், ஆறாம் வகுப்பு சுடலைமுத்து என்று இந்த வருஷ மலரில் அச்சடிக்க வேண்டும். பாஸ்கர் சாருக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அதற்குக் கீழேயே இன்னொன்றும் போட வேண்டும். அதை அந்தக் கம்பெனிக்குச் சொல்லிக் கொடுத்தவனும் அதே சுடலைமுத்துதான். ஐந்து கடையும் நொடித்ததற்கும் அவன்தான் காரணம். தாஸ் இல்லை. இரண்டும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால், இந்தக் கட்டுரையையே போட வேண்டாம்.

அருணாசலம் சங்கத்தில் ஆயுள் உறுப்பினர், மலர் அவர் வீட்டுக்குப் போகும். தாஸின் திருப்பூர் முகவரி எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.